கால் சுற்று

ஜூலை 3, திங்கள்

நிகிதா டிரிக்கரைக் கெடுத்துவிட்டுத்தான் பிஸ்டலை எங்கள் தலையில் கட்டியிருக்கிறாள்.

அவள் எங்கள் கிளப் செயலாளரின் மகள். இரண்டு வருஷம் இந்த ஏர் பிஸ்டலில் சுட்டாள். அப்பா புதிது வாங்கித் தந்ததும் இது 'மகளிர் ஊக்கத் திட்ட'த்துக்கு வந்துவிட்டது. திட்டம் என்றால் இரண்டே பேர். வால்வு கம்பெனியில் தரப் பரிசோதனை செய்யும் நான். அவிநாசி சாலையில் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் கோகிலவாணி அக்கா. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பிஸ்டல். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை எங்கள் நேரம். ஃபேன் போடக் கூடாது, இலக்குத் தாள் ஆடும் என்கிறார்கள். ஏழு மணிக்கு உறுப்பினர்கள் வந்ததும் ஃபேன் ஓடுகிறது. அவர்களுக்கு மட்டும் தாள் அடங்கி நிற்கும் போல.

இன்று ஒப்படைப்பு. போட்டோ எடுத்தார்கள். செயலாளர் பெட்டியை நீட்டியபடி, “உங்கள மாதிரிப் பொண்ணுங்களுக்கு இதெல்லாம் கெடைக்கறது பெரிய விஷயம்மா” என்றார்.

“எங்கள மாதிரின்னா எப்படிங் சார்?”

அக்கா என் காலை மிதித்தாள். போட்டோவில் என் முகம் கோணலாகத்தான் விழுந்திருக்கும்.

டிரிக்கரை இழுத்தால் ஈர மணலில் செருப்பை இழுப்பது போல இருக்கிறது. எங்கே விடும் என்று தெரியவில்லை. அறுபது குண்டு, அறுநூறு புள்ளிக்கு நான் 519. அக்கா 530.

மாநிலப் போட்டி ஜூலை 29, மதுரையில். 550 எடுத்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். தேசியப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு எழுதிப் போடலாம். எனக்கு அதற்கு இன்னும் மூன்று வருஷம் வயது இருக்கிறது. அக்காவுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது.

ஜூலை 5

வேலை முடிந்து வரும்போது அக்காவின் பங்க்கில் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டேன். அங்கே மெஷினில் தொகையை முன்கூட்டியே தட்டி வைக்கும் பட்டன் பல மாதமாக வேலை செய்யவில்லை. மற்றவர்கள் கடைசியில் விட்டு விட்டு அழுத்தி, சொட்டுச் சொட்டாகச் சரிக்கட்டுகிறார்கள். அக்கா ஒரே அழுத்து. முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டே. கேட்ட தொகையில் மீட்டர் நின்றது. புள்ளிக்கு அப்புறம் இரண்டு பூஜ்ஜியம்.

“எப்படிக்கா?”

“பத்து மணி நேரம் இதையே புடிச்சுட்டு நில்லு, உனக்கும் வரும். வேணும்னா சொல்லு, ரெண்டு நாளைக்கு வேலைய மாத்திக்கலாம்.”

ஜூலை 9, ஞாயிறு

டிரிக்கரைப் பிரித்தோம்.

கிளப்பில் இதற்கென்று ஆள் கிடையாது. உறுப்பினர்கள் பெங்களூருக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு அனுப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். “திட்டத்துல அது இல்லையேம்மா” என்றார் செயலாளர். அதனால் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு, கம்பெனியிலிருந்து கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி லென்ஸும் திருகு திருப்ப ஆலன் கீ செட்டும் கொண்டு போனேன். செயலாளர் ஊரில் இல்லை. வாட்ச்மேன் ரேஞ்ச் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பழைய வேட்டித் துண்டை விரித்து அதன் மேல் ஒவ்வொரு பாகமாக வரிசையாக வைத்தோம். அக்கா போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தாள், திரும்ப மாட்ட வேண்டுமே.

திருகுகளைப் பார்த்தேன். பிஸ்டல் செய்த கம்பெனியில் அடித்த சிவப்புப் பெயிண்ட் புள்ளி ஒவ்வொன்றின் தலையிலும் அப்படியே இருந்தது. யாரும் ஒருமுறைகூடத் திருப்பியதில்லை. உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது, அவ்வளவுதான்.

“பாவம், அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணல போல” என்றாள் அக்கா.

தொடாமலே கெடுப்பதும் கெடுப்பதுதான்.

நான் எதையும் பார்த்து வாய் பிளக்கிறவள் இல்லை. கோயில் கோபுரம், கடல், கல்யாண மண்டபத்து அலங்காரம், எதுவும் என்னை ஒன்றும் செய்ததில்லை. என் வேலை வால்வு அளப்பது. இருபது மைக்ரான் தப்பினால் தூக்கிப் போடுவேன், அவ்வளவுதான் எனக்கும் இரும்புக்கும் உள்ள உறவு. இன்று லென்ஸை வைத்துப் பார்த்தபோது மூச்சு நின்றது. இரண்டு எஃகு விளிம்புகள். கண்ணாடி மாதிரி மெருகு. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. நிற்கும் இடத்தின் அகலம் நாலைந்து தலைமுடி கூட வராது. காற்று, குண்டு, பத்து மீட்டர், 550, அக்காவின் வயது, எல்லாம் அந்த அகலத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து இந்த விளிம்பைத் தீட்டியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

லென்ஸை அக்காவிடம் கொடுத்தேன். நெடு நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, “தொட்டுறாத சுகந்தி” என்றாள்.

ஜூலை 10

கேஸ் தீர்ந்துவிட்டது. அம்மா மின்சார அடுப்பில் சோறு வைத்து அடி பிடித்தது. கம்பெனியில் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் செய்தேன், சூப்பர்வைசர் மூஞ்சியைக் காட்டினார். சுடப் போகவில்லை.

ஜூலை 12

சுத்தம் செய்து மாட்டிய பிறகு இன்று முதல் முறை சுட்டேன்.

எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் நாளை நானே நம்ப மாட்டேன். டிரிக்கருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் விரல் லேசான சுமையோடு பின்னால் போகிறது. பிறகு ஒரு இடத்தில் நிற்கிறது. அதைச் சுவர் என்கிறோம். சுவரில் விரல் சாய்ந்திருக்கிறது. பார்வை கறுப்பு வட்டத்தின் அடியில். மூச்சு பாதியில். இன்னும் கொஞ்சம் சாய்கிறேன். பிறகு சுவர் இல்லை. அது எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சுடவில்லை. சுட்டிருந்தது.

பத்தின் நடுவில் ஓட்டை.

அக்காவும் சுட்டுவிட்டு, கையை இறக்கி, சும்மா நின்றாள்.

“என்னக்கா?”

“சத்தம் கேட்டப்பறம்தான் எனக்கே தெரியுதுடி, சுட்டது நான்னு.”

இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். ஏழு மணி ஆகிவிட்டது. உறுப்பினர் ஒருவர் வந்து, “முடிச்சாச்சா?” என்று எங்களைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக் கேட்டார்.

ஜூலை 17

சிக்கல் ஒன்று. எனக்குப் பிடித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் டிரிக்கர் ஐந்நூறு கிராமாவது தாங்க வேண்டும். பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, ஐந்நூறு கிராம் எடையை டிரிக்கரில் மாட்டித் தூக்குவார்கள். டிரிக்கர் விடாமல் எடை தரையை விட்டு எழும்ப வேண்டும். விட்டுவிட்டால் வெளியே. அந்த மொத்த எடையில் ஒரு பங்கு முதல் கட்டத்துடையது, மறு பங்கு சுவருடையது. எனக்கு முதல் கட்டம் பஞ்சாக இருக்க வேண்டும், சுவர் கெட்டியாக இருக்க வேண்டும். அக்காவுக்கு நேர் எதிர். “மொதல்லயே கனத்தக் குடுத்துரணும். அப்பறம் செவுரு பாலாடை மாதிரி இருக்கோணும்” என்கிறாள்.

ஒன்றைத் தளர்த்தினால் மற்றதை இறுக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் மொத்தம் குறைந்துவிடும். அதனால் கை மாறும்போதெல்லாம் இரண்டு திருகு. பெட்டி மூடியின் உள்பக்கம் தாள் ஒட்டி, 'சு' என்றும் 'கோ' என்றும் போட்டுச் சுற்றுகளை எழுதி வைத்தோம். திருப்பி முடித்ததும் கிளப் அலமாரியில் இருக்கும் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பது. எடை தூக்காமல் பிஸ்டல் கை மாறக் கூடாது. இது அக்கா போட்ட சட்டம்.

விளையாட்டுக்கு அவளைச் சோதித்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டு திருகை ஒரு இழை நகர்த்திக் கொடுத்தேன். கண்ணை மூடி ஒருமுறை இழுத்தாள்.

“பத்து கிராம் கொறச்சிருக்க.”

இன்னொரு தரம் திருகைத் தொடாமலே கொடுத்தேன். இழுத்துப் பார்த்துவிட்டு என் தலையில் குட்டினாள். “யாரை ஏமாத்தற? ஒண்ணுமே பண்ணல நீ.”

எட்டு முறை செய்தேன். எட்டு முறையும் சரி. கம்பெனியில் இதே வேலைக்கு லட்சக்கணக்கில் மெஷின் வைத்திருக்கிறார்கள். இந்த விரலை ஒரு பங்க்கில் நாசிலில் கட்டிப் போட்டிருக்கிறது இந்த ஊர்.

ஜூலை 21

நான் 543. அக்கா 549.

ஜூலை 23, ஞாயிறு

மதுரைக்கு எப்படிப் போவது என்று பேசினோம். நான் முதல் சுற்றில், ஒன்பது மணிக்கு. அக்கா அதற்கடுத்த சுற்றில். நடுவே நேரம் குறைவு. போட்டிக்கு முந்தின நாள் கருவிச் சோதனையில் எடை பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதற்கப்புறம் திருப்புவது தப்பில்லை, ஆனால் சுட்டு முடித்ததும் சீட்டுக் குலுக்கிச் சிலரை மறுபடி சோதிப்பார்கள். அந்த அவசரத்தில் இரண்டு திருகைத் திருப்பி, எடை தூக்கி, எல்லாம் நடக்காது.

“நடுவால வெச்சிருவோம்” என்றாள் அக்கா. “உன்றதும் இல்ல, என்றதும் இல்ல. ரெண்டு பேரும் இந்த வாரம் அதுலயே பழகிக்கலாம். அங்க போய் திருகையே தொட வேண்டாம்.”

“எனக்கு முதல் கட்டம் கல்லாட்டம் இருக்கும்க்கா.”

“எனக்கும் செவுரு கல்லாட்டம்தான் இருக்கும். மாமியார் வூட்டுக்குப் போனா மாதிரி நெனச்சுக்க.”

“உனக்குத்தான் மாமியாரே இல்லையே.”

“அதனாலதான் சுட வந்திருக்கேன்.”

மொத்தம் 515 வரும்படி வைத்தோம். பதினைந்து கிராம் பாதுகாப்புக்கு. இன்று இந்த அமைப்பில் நான் 536. அக்கா 548. அவளுக்கு ஒன்றுதான் குறைந்தது.

ஜூலை 26

535.

ஜூலை 28, வெள்ளி

மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. உள்விளையாட்டரங்கில் சுடுவதற்கு நாற்பது தடம். சோதனை மேசையில் நடுவர் அம்மா எடையை மாட்டித் தூக்கினார். எழும்பியது. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்.

“ரெண்டு பேருக்கு ஒண்ணா?” என்று கேட்டார்.

“ஆமாங்க மேடம்” என்றாள் அக்கா.

“சமாளிப்பீங்களா?”

“வூட்டுல ஒரு பாத்ரூம்தாங்க மேடம், அஞ்சு பேரு. இது என்னங்க.”

நடுவர் சிரித்துவிட்டார். நிகிதா எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள், பெட்டி சக்கரம் வைத்தது. அக்காவுக்கு அவள் குளுக்கோஸ் பாக்கெட் கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள். எனக்கும் நீட்டினாள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.

ஜூலை 29, சனி

553.

காலை காத்திருக்கும் அறையில் குண்டில்லாமல் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டம் கல்லாட்டம் இருந்தது. விரல் சுவருக்குப் போவதற்குள் கை நடுங்கிவிடும் என்று தோன்றியது. அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். பெட்டியில் ஆலன் கீ இருந்தது. அதற்குள் தடத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

இப்படி நான் சுட்டதில்லை. முதல் பத்து 90. இரண்டாவது 94. டிரிக்கர் எனக்கு முன்னால் போய் எனக்காகக் காத்திருந்தது. நாற்பதாவது குண்டுக்குப் பிறகு நான் அங்கே இல்லை, கை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. பக்கத்துத் தடம், பின்னால் நின்றவர்கள், வியர்வை, எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு நழுவும் இடத்தை உள்ளங்கையால் பார்த்தேன். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. கும்பிடுகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல. கடைசிப் பத்து 95.

வெளியே வந்ததும் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். பிறகு அடுத்த சுற்றுக்கு அழைத்தார்கள். பிஸ்டலை அவள் கையில் கொடுத்தேன். நடந்துகொண்டே ஏதோ கேட்டாள். தலையை ஆட்டினேன். ஒரே சத்தம் அங்கே.

தயாராகும் நேரத்தில் அக்கா குண்டில்லாமல் ஒருமுறை இழுத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

561. அரங்கில் பாதிப் பேர் அவள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். ஐம்பத்தாறாவது குண்டுக்குக் கையைத் தூக்கி, சரியில்லை என்று இறக்கி, மறுபடி தூக்கி, மறுபடி இறக்கி, மூன்றாவது முறை சுட்டாள். பத்து. நிகிதாகூட வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

சீட்டுக் குலுக்கியதில் அவள் தடத்தின் எண் வந்தது. எடை எழும்பவில்லை. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் டிரிக்கர் விட்டுவிட்டது. நேற்று சிரித்த அதே நடுவர்.

“ஸ்டிக்கர் ஒட்டினப்பறம் யாரு திருப்பினது?”

“நாந்தாங்க மேடம்” என்றாள் அக்கா.

அவள் எப்போதும் இப்படித்தான். அதிகாரத்தில் இருக்கிறவர் கேட்டால் உடனே ஆமாம் என்பாள்.

பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டார்கள். அவ்வளவு நேரமும் நான் அங்கேயே நின்றேன்.

ஜூலை 30

பஸ்ஸில் திரும்பினோம். ஒரு கல்லூரிக்காரன் கொண்டு வந்த எடையை நம்பி ஒருத்தியின் வாழ்க்கையை அடித்துவிடுகிறார்கள், கேட்க நாதியில்லை என்று தாராபுரம் வரை பேசிக்கொண்டே வந்தேன். இதே எடை நிகிதாவின் பிஸ்டலில் எழும்பாமல் போயிருந்தால் அவள் அப்பா போனிலேயே எடையை மாற்றியிருப்பார் என்றேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “553ன்னா சும்மாவா” என்றாள். “உங்கம்மாகிட்ட சொன்னியா?”

“அம்மா கெடக்கறாங்க. நாம அப்பீல் பண்ணணும்க்கா.”

“தூங்குடி கொஞ்சம்.”

ஆகஸ்ட் 1

கிளப் பலகையில் என் போட்டோ. 'நமது மகளிர் திட்டத்தின் வெற்றி.' அக்காவின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. அக்கா சுட வரவில்லை. பங்க்கில் காலை வேலை போட்டுவிட்டார்களாம்.

பெட்டியைத் திறந்து எடை மாட்டித் தூக்கினேன். எழும்பவில்லை. ஐந்து முறை தூக்கினேன்.

இந்தக் கிளப் எடையை யார் எப்போது செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஐந்நூறு என்று பொறித்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்நூற்று இருபது இருக்கும். அவர்கள் எடையும் இதே கடையில் வாங்கியதாக இருக்கும். பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

கம்பெனித் தராசில் வைத்தேன். 500.0.

ஆகஸ்ட் 4

ரேஷன் வாங்கினேன். துணி துவைத்தேன். அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி செய்து கொடுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

முதல் கட்டத் திருகைக் கால் சுற்று இறுக்கினேன். எடை மாட்டினேன். எழும்பியது. மறுபடி கால் சுற்று தளர்த்தினேன். எழும்பவில்லை. இறுக்கினேன். எழும்பியது. ஏழு மணிவரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். காத்திருக்கும் அறையில் நான்தான் தளர்த்தினேன். கால் சுற்று. முப்பது கிராம். அடுத்து சுவர்த் திருகை இறுக்கிச் சரிக்கட்டத்தான் நினைத்தேன். அழைத்துவிட்டார்கள். சரிக்கட்டாமலே போய் நின்றேன். 485 கிராமில் 553 சுட்டேன். என்னைச் சீட்டு தொடவில்லை.

வெளியே வந்ததும் திருப்பி வைத்திருக்கலாம். மறந்துவிட்டேன். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதலாம். உண்மைதான், ஆனால் அதற்கப்புறம் நடந்தது மறதி இல்லை.

அக்கா நடந்துகொண்டே கேட்டது எனக்குக் கேட்டது. “திருகைத் தொட்டியா?” என்று கேட்டாள். இல்லை என்றுதான் தலையை ஆட்டினேன். தொட்டேன் என்றால் எப்போது என்று கேட்பாள். என் 553 என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன். எதற்கெடுத்தாலும் பெரிய இடத்து ஆட்களைத் திட்டுகிற நான், அவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டு திரிகிற நான்.

இதுகூடப் பெரிதில்லை. மூன்று நாளாக வேறொன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கணக்குப் போடுகிறேன். பத்து கிராமைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன விரல் அது. முப்பது கிராம் தெரியாமல் போயிருக்குமா? ஒருமுறை இழுத்தாள். திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டிருந்தால் சுடுவதற்கு முன்பே சரி செய்திருக்கலாம், நேரம் இருந்தது. அவள் தகுதியோடு சுட்டிருப்பாள். ஆனால் இதற்கு முன் இதில் யார் சுட்டது என்று நடுவர் கேட்டிருப்பார்.

அந்தப் பழக்கமில்லாத டிரிக்கரில்தான் அவள் 561 சுட்டாள். ஒவ்வொரு குண்டிலும் முப்பது கிராம் முன்னதாகவே நழுவக்கூடிய ஒன்றை, அறுபது முறை, கையில் ஏந்தி வைத்திருந்தாள். நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. உலகத்தில் எத்தனை பேரால் இது முடியும் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து ஒருத்தியால் முடிந்தது, அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள், அனுப்ப வைத்தவள் நான்.

ஆகஸ்ட் 9

கடிதம் எழுதிக்கொண்டு செயலாளரிடம் போனேன். நான் திருப்பினேன், என் மதிப்பெண்ணை அடித்துவிட்டு அக்காவுடையதைப் பரிசீலிக்க வேண்டும் என்று.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ரிசல்ட் மேல போயாச்சும்மா. ஆட்சேபணைக்கு அன்னைக்கே பத்து நிமிஷம்தான் டைம்.”

“இது ஆட்சேபணை இல்லைங் சார். நான் தப்பு செஞ்சேன்னு சொல்றேன்.”

“தன் மேலயே ஒருத்தர் புகார் குடுக்கறதுக்கு ரூல்ல இடமில்ல. சரி, உன் மார்க்க அடிச்சாலும் அந்தப் பொண்ணுக்குத் திரும்பக் குடுக்க மாட்டாங்க. அது கையில இருந்தப்பதான் எடை எழும்பல. அப்பறம் ரெண்டும் போச்சு. திட்டமும் போச்சு. யோசிச்சுப் பாத்தியா?”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இதுவரை அவர் சொன்னதில் எதிலும் எனக்கு இப்படி ஆனதில்லை.

மாநிலச் சங்கத்துக்கு நானே மெயில் அனுப்பினேன். தேசியப் போட்டிக்கு என் பெயரைக் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதினேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மெயிலுக்குப் பதில் இல்லை.

காலை பதினொரு மணிக்குப் பங்க்குக்குப் போனேன். ஞாயிறு கூட்டம். அக்காவின் வரிசையில் ஒன்பது வண்டிக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்ததும் டாங்க் மூடியைத் திறக்கவில்லை.

“நான்தான் தளர்த்தினேன்க்கா. முதல் கட்டம். கால் சுற்று. நீ கேட்டப்போ பொய் சொன்னேன்.”

“மூடியத் தெற.”

“செயலாளர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். சென்னைக்கும் மெயில் போட்டுட்டேன். என் பேரை எடுக்கச் சொல்லி.”

அவள் முகம் அப்போதுதான் மாறியது. “கூறு கெட்டவளே” என்றாள். “ஒண்ணாவது மிஞ்சட்டும்னு பாத்தா.” அத்தோடு நிறுத்திக்கொண்டு நாசிலை எடுத்தாள்.

ஒண்ணாவது மிஞ்சட்டும் என்று எப்போது பார்த்தாள்? நடுவர் கேட்டபோதா? தடத்தில் ஒருமுறை இழுத்துத் திரும்பிப் பார்த்தபோதா? பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் நகரவில்லை.

“மொத இழுப்புலயே உனக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சும் எனக்காகச் சும்மா இருந்தியா? இல்ல, உன்ற விரலு சொன்னத விட்டுட்டு, நான் தலையாட்டுனத நம்புனியா?”

மூடியை அவளே திறந்து, பெட்ரோல் போட்டு, மூடினாள். நாசிலை மாட்டினாள்.

“வண்டிய எடு சுகந்தி. பொறத்தால நிக்கறாங்க.”

“ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுக்கா. தெரிஞ்சுதான் சுட்டேன்னா ஒரு மாதிரி இருந்துக்குவேன். என்னைய நம்பித்தான் சுட்டேன்னா எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியல. எதுன்னு சொல்லு.”

அவள் என்னைத் தாண்டிப் பின்னால் நின்ற வண்டிக்காரரைப் பார்த்தாள்.

“வாங்ண்ணா. ஜீரோ பாத்துக்குங்.”